அனிமே: எதில் தொடங்குவது, எதை விட்டுவிடக் கூடாது? ஒரு ரசிகரின் கேள்வி பதில்

நான் அனிமே பார்ப்பேன் என்று தெரிந்தவர்கள் கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கின்றன. ஆளுக்கு ஆள் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே சேர்த்து எழுதுகிறேன். சிபாரிசு எல்லாம் என் ரசனையைப் பொறுத்தது. கதையின் பெரிய திருப்பங்களை உடைக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அனிமே என்றால் குழந்தைகள் பார்க்கும் கார்ட்டூன்தானே?

ஜப்பானில் வரைந்து எடுக்கிற எல்லாவற்றையும் அனிமே என்றுதான் சொல்கிறார்கள். பால்வாடிப் பிள்ளைக்கான கதையும் அதில் உண்டு, கொலைகாரனைத் தேடிப் போகும் கதையும் உண்டு, முப்பது வயதைத் தாண்டினால்தான் உறைக்கும் கதையும் உண்டு.

1988 ஏப்ரல் 16 அன்று ஜிப்லி ஸ்டூடியோ இரண்டு படங்களை ஒரே காட்சியில் சேர்த்து வெளியிட்டது. ஒன்று ஹயாவோ மியாசாகியின் 'மை நெய்பர் டோடோரோ'. கிராமத்துப் பழைய வீட்டுக்குக் குடிவரும் இரண்டு சிறுமிகள், காட்டில் தூங்கிக் கிடக்கும் ஒரு பெரிய உரோமப் பிராணி, அவ்வளவுதான் கதை. இன்னொன்று இசாவோ தகாஹாதாவின் 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃப்ளைஸ்'. 1945இல் கோபே நகரத்தில் குண்டு விழுந்து தாயை இழந்த அண்ணனும் தங்கையும் சோற்றுக்கு அலைவது. ஒரே நாள், ஒரே ஸ்டூடியோ. இந்த இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறதோ அவ்வளவு பெரியது அனிமே.

இதுவரை ஒன்றும் பார்த்ததில்லை. எதில் தொடங்கட்டும்?

'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்: பிரதர்ஹுட்'. 64 எபிசோடு. யார் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வேன். செத்துப்போன அம்மாவை உயிரோடு கொண்டுவரப் பார்த்து, அண்ணன் ஒரு கையையும் ஒரு காலையும், தம்பி உடம்பு முழுவதையும் இழக்கிறார்கள். இழந்ததை மீட்கக் கிளம்பும் பயணம்தான் கதை. சண்டை, அரசியல், சிரிப்பு, துக்கம் எல்லாம் இருந்தும் கதை எங்கேயும் சிதறாது. பத்தாவது எபிசோடில் சும்மா எட்டிப் பார்த்த ஆள் அறுபதாவதில் ஒரு காரியத்தோடு வந்து நிற்பார்.

இதற்கு மூலமான மங்காவை, அதாவது ஜப்பானியச் சித்திரக்கதையை, எழுதிய ஹிரோமு அராகாவா ஹொக்கைடோவில் மாட்டுப் பண்ணையில் வளர்ந்தவர். ஒன்றைப் பெற வேண்டுமானால் அதற்கு ஈடாக இன்னொன்றைக் கொடுத்தாக வேண்டும் என்பதுதான் இந்தக் கதையின் சட்டம். பெற்றோர் பண்ணையில் பட்ட பாட்டைப் பார்த்து வளர்ந்தவர் எழுதிய சட்டம் அது. அதனால்தான் ஏட்டுத் தத்துவம் மாதிரித் தெரியாமல், வீட்டில் அனுபவித்த விஷயமாகத் தெரிகிறது.

ஒரு எச்சரிக்கை: நான்காவது எபிசோடை ராத்திரி தனியாகப் பார்க்காதீர்கள்.

2003இல் வந்த 51 எபிசோடு தொடரும் ஒன்று இருக்கிறது. மங்கா முடியும் முன்பே எடுத்ததால் அதன் முடிவு வேறு. அதுவும் நல்ல தொடர்தான், ஆனால் இரண்டாவதாகப் பாருங்கள்.

துப்பறியும் கதை பிடிக்கும் என்றால் 'டெத் நோட்'. 25ஆம் எபிசோடு வரை மூச்சு விட நேரம் கொடுக்காது, அப்புறம் கொஞ்சம் தளர்கிறது. பொறுமை உள்ளவர்களுக்கு 'மான்ஸ்டர்'. ஜெர்மனியில் வேலை செய்யும் ஒரு ஜப்பானிய மூளை அறுவை மருத்துவர், மேலதிகாரி பேச்சைக் கேட்காமல், முதலில் வந்த ஒரு சிறுவனைக் காப்பாற்றுகிறார். அந்த நல்ல காரியம் என்னவாக வந்து முடிகிறது என்பது 74 எபிசோடுக்குப் போகிறது.

தொடர் பார்க்கப் பொறுமை இல்லை. ஒரு படம் சொல்லுங்கள்.

'ஸ்பிரிட்டட் அவே', 2001. பத்து வயது சிஹிரோவின் பெற்றோர் பன்றிகளாக மாறிவிட, தெய்வங்களும் ஆவிகளும் குளிக்க வரும் ஒரு குளியல் மாளிகையில் அவள் வேலைக்குச் சேர்கிறாள். 2003இல் ஆஸ்கர் வாங்கிய படம் என்பது எல்லோருக்கும் தெரியும். நான் அதற்காகச் சொல்லவில்லை.

அதில் ஒரு சோற்று உருண்டை வருகிறது. முந்தைய நாள் முழுக்க அழாமல் சமாளித்த சிஹிரோவை, அங்கே அவளுக்கு உதவும் ஹாக்கு என்ற பையன் தோட்டத்தில் உட்கார வைத்து, இலையில் சுற்றிய சோற்று உருண்டைகளை நீட்டுகிறான். வேண்டாம் என்கிறாள். திரும்பவும் சொன்னதும் ஒன்றை எடுத்துக் கடிக்கிறாள். இரண்டாவது வாய் மெல்லும்போது கண்ணீர் கொட்டத் தொடங்குகிறது. ஒவ்வொரு சொட்டும் கோலிக்குண்டு அளவுக்கு வரைந்திருப்பார்கள். வாயில் சோறு, கண்ணில் தண்ணீர், அழுதுகொண்டே அடுத்த உருண்டையை எடுக்கிறாள். பசித்த குழந்தை கடைசியில் ஒரு பத்திரமான இடத்தில் சாப்பிடும்போது எப்படி இருக்குமோ அச்சு அசலாக அப்படி இருக்கும்.

அப்புறம் அந்த ரயில். தண்ணீருக்கு மேல் போகும் தண்டவாளம், நிழல் மாதிரி மனிதர்கள், ஒவ்வொரு நிறுத்தமாக இறங்கிப் போகிறார்கள். பேச்சு அநேகமாக இல்லை. இசையமைப்பாளர் ஜோ ஹிசாய்ஷியின் பியானோ மட்டும். அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட் இந்த அமைதியைப் பற்றிக் கேட்டபோது, மியாசாகி கையைச் சில தடவை தட்டிக் காட்டி, இரண்டு தட்டலுக்கு நடுவில் இருக்கும் இடைவெளிக்கு ஜப்பானியத்தில் 'மா' என்று பெயர் என்றார். நம் தாளத்தில் அடிக்கும் அடிக்கும் நடுவே விடுகிற இடம் மாதிரி. அனிமேவில் நான் தேடிப் பார்ப்பது அந்த இடத்தைத்தான். இந்தப் பக்கத்தில் உள்ள சிபாரிசுகளில் பாதி அதனால் வந்தவை.

சப்டைட்டிலோடு பார்ப்பதா, டப் செய்ததைப் பார்ப்பதா?

முதல் தடவை ஜப்பானியக் குரலோடு பாருங்கள் என்பேன். காரணம் ஒரு காட்சியில் இருக்கிறது. மகோடோ ஷின்காயின் 'யுவர் நேம்' படத்தில் கிராமத்துப் பெண் மிட்சுஹாவும் டோக்கியோ பையன் டாக்கியும் உடல் மாறிவிடுகிறார்கள். பையன் உடம்பில் இருக்கும் மிட்சுஹா அவன் நண்பர்களிடம் 'வதாஷி' என்று பேசத் தொடங்குகிறாள். நண்பர்கள் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். 'வதாகுஷி' என்று மாற்றுகிறாள், அதுவும் சரிப்படவில்லை. 'போக்கு' என்கிறாள், இன்னும் சந்தேகம். 'ஓரே' என்றதும்தான் தலையாட்டுகிறார்கள். நான்குக்கும் பொருள் 'நான்'. பெண் சொல்வது, பணிவாகச் சொல்வது, அடக்கமான பையன் சொல்வது, முரட்டுப் பையன் சொல்வது என்று சாயல் வேறு. சப்டைட்டிலில் இந்த நகைச்சுவை பாதிதான் வந்து சேரும்.

ஆனால் தமிழ் டப் பற்றி எனக்கு ஒரு தனி ஆசை உண்டு. 'நான்' விஷயத்தில் நம்மிடம் ஒரே சொல்தான். மற்றபடி ஜப்பானியர்களைப் போலவே நாமும் வயதையும் உறவையும் பார்த்துத்தான் வாயைத் திறக்கிறோம். ஆல்கெமிஸ்ட் தொடரில் தம்பி அல்ஃபோன்ஸ் அண்ணனைப் பெயர் சொல்லிக் கூப்பிடவே மாட்டான், 'நீசான்' என்பான். ஆங்கிலத்தில் அதை 'பிரதர்' என்று போடும்போது காதில் ஒட்டாது. தமிழில் 'அண்ணா' என்றால் போதும், அந்தப் பாசம் முழுக்க வந்துவிடும். நீ, நீங்கள், வாடா, வாங்க என்று நம்மிடம் இருக்கிற வரிசைக்கு ஜப்பானிய வசனம் ஆங்கிலத்தைவிட எளிதாக உட்காரும். நேராக ஜப்பானியத்திலிருந்து, பேச்சுக் காது உள்ள ஒருவர் எழுதிக் கொடுத்தால் தமிழ் டப் மூலத்துக்குப் பக்கத்தில் நிற்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

'கௌபாய் பீபாப்' மட்டும் விதிவிலக்கு. அதன் ஆங்கில டப்பும் அருமை. எதில் வேண்டுமானாலும் பாருங்கள்.

நம் ஊர்த் தியேட்டரில் அனிமே வருகிறதா?

இப்போது வருகிறது. 2019இல் ஷின்காயின் 'வெதரிங் வித் யூ' படத்தை இந்தியாவிலும் வெளியிடுங்கள் என்று ரசிகர்கள் ஆயிரக்கணக்கில் கையெழுத்துப் போட்டுக் கேட்டார்கள். அந்த அக்டோபரில் படம் இங்கே திரைக்கு வந்தது. 2025 செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்' தமிழ் டப்போடும் வந்தது. கையெழுத்துப் போட்டுக் கெஞ்சிய நிலையிலிருந்து ஆறே ஆண்டில் இங்கே வந்து நிற்கிறோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். யூகோ சாகோ என்ற ஜப்பானியர் நம் அனிமேஷன் கலைஞர் ராம் மோகனோடு சேர்ந்து எடுத்த 'ராமாயணா: தி லெஜெண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா' என்ற 1992ஆம் ஆண்டுப் படம், 2025 ஜனவரியில் தமிழிலும் தியேட்டருக்கு வந்தது. ஜப்பானிய ஓவியர்கள் கையால் வரைந்த இலங்கைப் போர்க்களத்தைப் பெரிய திரையில் பார்க்கக் கிடைத்தது பாக்கியம்.

'ஒன் பீஸ்', 'நருட்டோ' எல்லாம் இவ்வளவு நீளமாக இருக்கிறதே?

வாரா வாரம் ஒளிபரப்பாகிற தொடர், வாரா வாரம் வெளியாகிற மங்காவைத் துரத்திக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் நெருங்கிவிடும். அப்போது நேரத்தைக் கடத்த மங்காவில் இல்லாத கதையை இடையில் செருகுவார்கள். அதுதான் ஃபில்லர். 'நருட்டோ' முதல் தொடரின் 220 எபிசோடில் 136க்கு மேல் கிட்டத்தட்ட எல்லாமே ஃபில்லர். கூசாமல் தாண்டிப் போகலாம். அடுத்து வரும் 'ஷிப்புடென்' 500 எபிசோடு. அதற்கும் ஃபில்லர் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

'ஒன் பீஸ்' 1999இலிருந்து ஓடுகிறது, 1100 எபிசோடைத் தாண்டிவிட்டது. அதை மங்காவாகப் படிப்பது நல்லது. அனிமேவில் ஒரு அத்தியாயத்தை ஒரு எபிசோடுக்கு இழுக்கிற இழுப்பில், மங்காவை எழுதிய ஓடாவின் வேகம் செத்துப்போகிறது. கதையைக் குறை சொல்ல மாட்டேன். ஆர்லாங் பார்க் பகுதியில் நாமி உதவி கேட்கும் இடத்துக்கு வந்தவர்கள் யாரும் பாதியில் விட்டுப் போனதில்லை.

மெதுவாகப் போகிற கதைகள் என்கிறீர்களே, உதாரணம்?

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். மூன்று சொல்கிறேன்.

'முஷிஷி', 2005, 26 எபிசோடு. செடியும் இல்லாத, விலங்கும் இல்லாத, உயிரின் வேர்ப்பக்கத்தில் இருக்கும் ஏதோ ஒன்று 'முஷி'. அதனால் நோயோ தொல்லையோ வந்த வீடுகளுக்கு கின்கோ என்ற நாடோடி வைத்தியர் போகிறார். ஒவ்வொரு எபிசோடும் தனிக்கதை. யாரும் கெட்டவர் இல்லை. முஷியும் பிழைக்கத்தான் பார்க்கிறது, மனிதனும் பிழைக்கத்தான் பார்க்கிறான். சில நேரம் வைத்தியம் பலிக்கும், சில நேரம் பலிக்காது. மழை பெய்கிற ராத்திரியில் விளக்கை அணைத்துவிட்டு ஒன்று பாருங்கள். தொடர்ந்து இரண்டு பார்க்காதீர்கள், முதலாவது மனதில் இறங்க நேரம் வேண்டும்.

'மார்ச் கம்ஸ் இன் லைக் எ லயன்', 44 எபிசோடு. ரெய் கிரியாமா பள்ளிக்கூட வயதிலேயே ஷோகி என்ற ஜப்பானியச் சதுரங்கத்தில் தொழில்முறை ஆட்டக்காரன். குடும்பத்தை விபத்தில் இழந்தவன், தனி அறையில் வாழ்கிறான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் மூன்று சகோதரிகள் அவனைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சோறு போடுகிறார்கள். மனச்சோர்வை இவ்வளவு நியாயமாகக் காட்டிய தொடர் எனக்குத் தெரிந்து வேறு இல்லை. இரண்டாவது சீசனில், அந்த மூவரில் நடுச் சகோதரியான ஹினா, பள்ளியில் எல்லோரும் சேர்ந்து ஒதுக்கிய தோழிக்குத் துணை நின்றதால் தானே ஒதுக்கப்படுகிறாள். பயமாக இருக்கிறது, ஆனாலும் நான் செய்தது தப்பே இல்லை என்று அழுதுகொண்டே சொல்கிறாள். அந்த எபிசோடை முடித்துவிட்டு நான் வெகுநேரம் மாடியில் நின்றிருந்தேன். என் வகுப்பில் அப்படி ஒதுக்கப்பட்ட ஒரு பையனின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. நான் ஹினா மாதிரி எழுந்து நின்றதில்லை.

'ஃப்ரீரென்', 2023. அசுர ராஜாவைக் கொன்று ஊர் திரும்பும் இடத்தில் கதை தொடங்குகிறது. மற்றக் கதைகள் முடிகிற இடம் அது. ஆயிரம் ஆண்டுக்கு மேல் வாழும் ஃப்ரீரெனுக்கு, தோழர்களோடு சுற்றிய பத்து ஆண்டு ஒரு கண்சிமிட்டல். ஐம்பது ஆண்டு கழித்து வந்து பார்க்கிறாள், அந்தத் தோழர்களில் ஒருவனான ஹிம்மெல் கிழவனாகிவிட்டான். அவன் இறுதிச் சடங்கில்தான் இவனை இன்னும் தெரிந்துகொள்ள ஏன் முயலவில்லை என்று அழுகிறாள். மீதி எல்லாம், அவர்கள் போன வழியிலேயே திரும்பவும் நடந்து அவனைப் புரிந்துகொள்வதுதான். முதல் சீசனின் 28 எபிசோடில் சண்டையும் உண்டு, நன்றாகவே இருக்கும். ஆனால் எனக்கு நிற்பவை, அற்ப மந்திரங்களை அவள் ஆசை ஆசையாகச் சேர்க்கும் இடங்கள்.

நல்ல தொடர்களுக்கு ஏன் இரண்டாவது சீசன் வருவதில்லை?

பெரும்பாலான அனிமேவுக்குப் பணம் போடுவது ஒரு தயாரிப்புக் குழு. புத்தகப் பதிப்பாளர், இசைக் கம்பெனி, தொலைக்காட்சி, பொம்மைக் கம்பெனி என்று பலர் பங்கு போடுவார்கள். வரைகிற ஸ்டூடியோ பல நேரம் கூலிக்கு வேலை செய்யும் இடம்தான். பதிப்பாளருக்கு மங்கா விற்றால் சரி. பன்னிரண்டு எபிசோடு வந்து புத்தகம் விற்றுவிட்டால் அவர் வேலை முடிந்தது. மீதிக் கதையைப் புத்தகத்தில் படித்துக்கொள் என்பதுதான் கணக்கு. படம் வரைகிறவர்களுக்குக் கூலி குறைவு என்பது அங்கே நெடுநாள் குறை. லாபம் பங்கு போட்டவர்களுக்குப் போகிறது, வரைந்த கைக்குப் போவதில்லை. இது எனக்குக் கோபம் வருகிற விஷயம்.

பெண்களைக் காட்டும் விதம் சங்கடமாக இருக்கிறதே?

உண்மைதான். நல்ல கதைக்கு நடுவில் பள்ளிப் பெண்ணை அசிங்கமான கோணத்தில் காட்டும் தொடர்கள் நிறைய உண்டு. அதை நான் நியாயப்படுத்த மாட்டேன், அப்படிப்பட்டவற்றைப் பாதியில் நிறுத்தியிருக்கிறேன்.

அதற்கு மருந்தாக நவோகோ யமதாவின் படங்களைப் பாருங்கள். 'எ சைலண்ட் வாய்ஸ்', 2016. காது கேளாத ஷோகோவைச் சின்ன வயதில் கொடுமைப்படுத்திய ஷோயா, வளர்ந்த பிறகு சைகை மொழி கற்றுக்கொண்டு அவள் முன் வந்து நிற்கிறான். யாரையும் நிமிர்ந்து பார்க்கும் தைரியம் அவனுக்கு இல்லை. எல்லோர் முகத்தின் மேலும் ஒரு பெருக்கல் குறி ஒட்டியிருப்பதாகத்தான் அவனுக்குத் தெரிகிறது. யமதா முகத்தைவிடக் கால்களையும் கைகளையும் காட்டி மனதைச் சொல்லிவிடுவார். படத்தை எடுத்தது கியோட்டோ அனிமேஷன். 2019 ஜூலை 18 அன்று ஒருவன் வைத்த தீயில் அங்கே 36 பேர் இறந்தார்கள். அந்தப் படத்தில் ஷோகோவின் விரல்கள் எவ்வளவு கவனமாக அசைகின்றன என்று பார்க்கும்போதெல்லாம் அவர்களை நினைத்துக்கொள்வேன்.

மியாசாகி தவிர வேறு இயக்குநர் யார்?

சடோஷி கோன். நாலே நாலு முழுநீளப் படம், ஒரு தொடர். 2010இல் 46 வயதில் கணையப் புற்றுநோயில் போய்விட்டார்.

'பெர்ஃபெக்ட் ப்ளூ' பெரியவர்களுக்கு மட்டும், மனதை உலுக்கிவிடும். தொடங்குவதற்கு 'மில்லெனியம் ஆக்ட்ரஸ்' சரி. ஓய்வுபெற்ற நடிகை சியோகோவைப் பேட்டி எடுக்க ஒரு ரசிகரும் ஒரு கேமராக்காரரும் போகிறார்கள். அவர் நினைவு சொல்லச் சொல்ல, இருவரும் நினைவுக்குள்ளேயே நுழைந்துவிடுகிறார்கள். நினைவு நடித்த படத்துக்குள் வழுக்குகிறது. ஒருவனைத் தேடி அவர் ஓடுகிறார். குதிரை மேல் ஓடியவர், வெட்டு தெரியாமல் குதிரை வண்டியில் இருக்கிறார், அப்புறம் கைரிக்‌ஷா, அப்புறம் சைக்கிள். நிமிட நேரத்தில் ஜப்பானின் சில நூற்றாண்டுகள் கடந்துவிடும், ஓட்டம் மட்டும் ஒன்றே. நடிகர்களை வைத்து எடுத்தால் இது வராது. 87 நிமிடப் படம்.

'எவாஞ்செலியன்' எந்த வரிசையில்?

1995இல் தொடங்கிய 26 எபிசோடு, அப்புறம் 1997இன் 'தி எண்ட் ஆஃப் எவாஞ்செலியன்', கடைசியில் 2007 முதல் 2021 வரை வந்த நான்கு படங்கள். மாற்றிப் பார்க்காதீர்கள். இயக்குநர் ஹிதேயாகி அன்னோ அதே கதையை நடுவயதில் திரும்பச் சொல்லும்போது என்ன மாறியிருக்கிறது என்பதுதான் அந்த நாலாவது படத்தின் அருமை.

குழந்தைகளுக்கு?

'டோடோரோ', 'கிகிஸ் டெலிவரி சர்வீஸ்', 'போன்யோ'. 'மேட் இன் அபிஸ்', 'மடோகா மாஜிகா' இரண்டும் வரைந்திருக்கும் விதத்தைப் பார்த்தால் குழந்தைக் கதை மாதிரி இருக்கும். நம்பிப் போட்டுக் கொடுத்துவிடாதீர்கள்.

படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது நிறுத்திவிடலாமா?

கூடாது. ஒரு முறை தியேட்டரில் முடிவுப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே விளக்கைப் போட்டு, கதவைத் திறந்து, எங்களைக் கிளப்பினார்கள். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

தகாஹாதாவின் 'ஒன்லி யெஸ்டர்டே', 1991, இதற்காகவே பார்க்க வேண்டிய படம். டோக்கியோவில் வேலை பார்க்கும் 27 வயது டாயேகோ விடுமுறைக்கு யமகதா கிராமத்தில் குசும்பப்பூ பறிக்கப் போகிறாள். வழியெல்லாம் அவளுடைய ஐந்தாம் வகுப்பு ஞாபகங்கள் கூட வருகின்றன. ஒரு ஞாபகத்தில் குடும்பமே முதல்முறையாக ஒரு அன்னாசிப் பழம் வாங்குகிறது. எப்படி வெட்டுவது என்று யாருக்கும் தெரியவில்லை. ஆளுக்கு ஒரு துண்டு வைத்துக்கொண்டு கடிக்கிறார்கள், ருசியே இல்லை. ஒவ்வொருவராகத் தட்டைத் தள்ளிவைக்க, சின்ன டாயேகோ மட்டும் ஏமாற்றத்தைக் காட்டிக்கொள்ளாமல் மென்றுகொண்டே இருக்கிறாள்.

கடைசியில் அவள் ரயில் ஏறி ஊரைவிட்டுக் கிளம்புகிறாள். பெயர்கள் ஓடத் தொடங்குகின்றன, பாட்டு ஒலிக்கிறது. படம் முழுக்க அவள் எடுக்காமல் தள்ளிப்போட்ட முடிவை அப்போதுதான் எடுக்கிறாள், ஒரு வசனம் கூட நம் காதில் விழாமல். ரிமோட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு உட்காருங்கள்.